மூச்சில் மடங்கிய கை

எனக்குக் காது மந்தம். முப்பது வருஷம் தகரத்தைத் தட்டியவனுக்குக் காது நன்றாக இருந்தால்தான் ஆச்சரியம். அடிபட்ட கார்களில் நசுங்கிய இடத்தைத் தட்டி டொக்கு எடுப்பது என் தொழில். பட்டறையில் என்னை டிங்கர் என்பார்கள். நான் தட்டி நிமிர்த்திய தகரத்துக்குப் பெயிண்ட் அடித்தவன் நீச்சல்காரன். இது அவன் கதை. நடுவில் நானும் வருவேன். அது எனக்குப் பெருமை சேர்க்கிற இடமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரில் இறங்கவே யோசிப்பான். பெயர் வந்தது வேறு காரணத்தால். ஸ்ப்ரே கன்னைப் பிடித்து ஒரு கதவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கையை ஓட்டும்போது அவன் மூச்சு விடமாட்டான். மூச்சு இழுத்தால் நெஞ்சு ஏறும், நெஞ்சு ஏறினால் தோள் ஏறும், தோள் ஏறினால் பெயிண்டில் அலை விழும் என்பான். முனை வந்ததும் கன்னை நிறுத்திவிட்டு, தலையை மட்டும் ஓரமாகத் திருப்பி, வயிற்றால் ஒரு வாய் காற்று குடிப்பான். பிறகு மறுபடி அடக்கிக்கொண்டு அடுத்த ஓட்டம். முதன்முதலில் இதைப் பார்த்துவிட்டு முதலாளிதான் அந்தப் பெயரை வைத்தார்.

இந்தப் பழக்கம் பட்டறையோடு நிற்கவில்லை. கையெழுத்துப் போடும்போதும் மூச்சு நிற்கும். பூட்டில் சாவியை நுழைக்கும்போதும் நிற்கும். கை ஓடினால் மூச்சு நிற்கும், மூச்சு வந்தால் கை நிற்கும். இரண்டும் ஒன்றாக நடந்து நான் பார்த்ததில்லை.

மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே மனைவி இறந்துபோனாள். மறுமணம் என்ற பேச்சையே காதில் போட்டுக்கொள்ளாமல் மகளை வளர்த்தான், படிக்க வைத்தான். அவள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள். மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு போன், மிச்ச நேரமெல்லாம் பட்டறை. அவன் வாழ்க்கை அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பேசினோம் என்று சொல்ல முடியாது, சண்டை போட்டோம். டிங்கருக்கும் பெயிண்டருக்கும் எந்த ஊரில் ஒத்துப்போயிருக்கிறது? என் வேலையில் குறை இருந்தால் அவன் பெயிண்ட் அதைப் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும்.

கடைசிச் சண்டை ஒரு சாம்பல் நிறக் காரின் கதவைப் பற்றியது. சாயங்காலம் வண்டியைக் கொடுத்தாக வேண்டும். அவன் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அலை இருக்கு. மறுபடி எடு" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தடவித் தடவியே சம்பளம் வாங்குறவன் நீ. நீ இல்லாட்டி பட்டறைய இழுத்து மூடிருவாங்களா? போடா, போய்ச் சேரு!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அவன் முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். தன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். மழை விட்டிருந்தாலும் ரோடு ஈரமாக இருந்தது. மூன்றாவது திருப்பத்தில் சறுக்கி, வலது தோள் நடைபாதைக் கல்லில் மோதித் தலை எதிர்ப்பக்கம் இழுபட்டது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளில் இரண்டு வேரோடு பிடுங்கிக்கொண்டன. விரல்கள் அசைந்தன. ஆனால் தோளும் முழங்கையும் போய்விட்டன. கை கயிற்றில் கட்டிய மாதிரி தொங்கியது.

அவன் கிளம்பிப் போன பிறகு அந்தக் கதவை நானே தடவிப் பார்த்தேன். அலை இருந்தது.

முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிறானே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பழப்பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் போகலாம் என்றேன், அதற்கடுத்த வாரம் என்றேன். போகாத ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் போவதை இன்னும் கஷ்டமாக்கியது. அப்படியே பதினாலு மாதம் ஓடிவிட்டது.

ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீச்சல்காரர் பேசினாருங்க. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்களாம்."

"அவன் பொண்ணு இல்ல?"

"அவ அங்கிருந்து பறந்தா வருவா? வேற யாரும் இல்லையாம், அதான் கேட்டுப் பாக்கச் சொன்னாரு. வர முடியலன்னா பரவாயில்லன்னு மூணு தடவை சொன்னாரு. எனக்கே தலை குனிஞ்சு போச்சு."

"வியாழக்கிழமை ஒரு வண்டி முடிச்சுக் குடுக்கணும்..."

"வண்டிக்குக் காலா இருக்கு, எந்திரிச்சு ஓடுறதுக்கு? நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?"

போனேன். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றால், அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே கதவைப் பார்த்தபடி ஒரு நாற்காலி போட்டு அதில் உட்கார்ந்திருந்தான்.

"நீ ரெண்டாவது மாடி ஏறும்போதே தெரிஞ்சுருச்சு. இடது செருப்பை இழுத்து இழுத்து வப்ப," என்றான்.

அந்தக் கட்டடத்தில் யார் எந்நேரம் ஏறுவார்கள், யார் இறங்குவார்கள் என்று காலடியை வைத்தே சொல்லுவான் போலிருந்தது. கீழ்வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி வந்திருப்பது அவர் பெண்டாட்டிக்குத் தெரியும் முன்பே இவனுக்குத் தெரியுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. வேலை வெட்டி இல்லாதவன் மாதிரி இதென்ன என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

சட்டைக்குள் வலது புஜம் இருந்த இடத்தில் துணி காலியாகத் தொங்கியது. இருபத்திரண்டு வருஷமாக நான் பார்த்த புஜம் அது, பெரிய பெயிண்ட் டப்பாவை ஒரே கையால் தூக்கி வைப்பான். இப்போது என் மணிக்கட்டு அளவுதான் இருந்தது. இடது கையால் டீ போட்டுக் கொடுத்தான். சட்டைப் பொத்தானை இடது கையாலேயே போட்டான், ஒவ்வொன்றுக்கும் ஒரு யுகம் ஆனது.

"விரல் எல்லாம் வேலை செய்யுது பாரு," என்று தொங்கும் கையின் விரல்களை மடக்கிக் காட்டினான். "சோத்தை அள்ளும். ஆனா வாய்க்குக் கொண்டு வராது. மூஞ்சியில ஈ உக்காந்தா ஓட்டாது."

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஆபரேஷன் செய்திருந்தார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே மூச்சுக்காக ஓடும் நரம்புகளில் மூன்றை எடுத்து, புஜத் தசைக்குப் போகும் நரம்போடு தைத்துவிட்டார்கள். தைத்த இடத்திலிருந்து நரம்பு மாதம் ஒரு அங்குலம் வளர்ந்து தசைக்குப் போய்ச் சேர வேண்டும். இதற்குள் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு தடவை ஊசி வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் காணோம்.

"இன்னைக்கும் இல்லன்னா ஃபைலை மூடிருவாங்க. ஒன்றரை வருஷத்துக்கு மேல போனா தசை தாங்காதாம்," என்றான். டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டே, "பொண்ணுகிட்ட மடங்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன். இல்லன்னா வேலைய விட்டுட்டு வந்து நின்னுருவா," என்றான்.

ஊசி வைத்துப் பார்க்கும் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு ஒலிபெருக்கி. டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், கறாரான ஆள். ஊசியை அவன் புஜத்தில் செருகியதும் ஒலிபெருக்கியில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சத்தம்மா அது?" என்று கேட்டேன். காது மந்தமானவன் மெதுவாகப் பேசுவானா?

"ஏன் கத்துறீங்க? நான் பக்கத்துலதான் இருக்கேன். தகரக் கூரை மேல தூறல் விழற மாதிரி ஒரு சத்தம். நரம்பு இல்லாத தசை போடறது அது. ஒவ்வொரு இழையும் உத்தரவு போட ஆள் இல்லாம தானா துடிச்சுக்கிட்டிருக்கு."

"துடிச்சா நல்லதுதானே?"

"உயிரோட இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். சாதாரணமா ஒரு இழைக்கு நரம்பு வந்து தொடற ஒரே ஒரு புள்ளியிலதான் சேதி கேக்கிற காது இருக்கும். நரம்பு போயிட்டா இழையோட மேல்பரப்பு முழுக்கக் காது முளைச்சிரும். எங்கிருந்தாவது ஒரு சேதி வராதான்னு பாத்துக்கிட்டிருக்கும். ரொம்ப நாள் வரலன்னா இழை மெலிஞ்சு ஓரம் ஓரமா ஒடுங்கிப் போகும். அப்புறம் அந்த இடத்துல நாரும் கொழுப்பும் வந்து உக்காந்துக்கும். அதுக்கப்புறம் நரம்பு வந்து கதவைத் தட்டினாலும் உள்ள ஆள் இருக்காது." அவர் திரையைப் பார்த்தார். "போன தடவையை விட இப்ப தூறல் குறைஞ்சிருக்கு."

நான் நீச்சல்காரனைப் பார்த்தேன். திறந்த கதவும் அதைப் பார்த்துப் போட்ட நாற்காலியும் ஞாபகம் வந்தன. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"சரி, கடைசியா ஒரு தடவை. மூச்சை நல்லா இழுங்க, கையை மடக்குங்க," என்றார் டாக்டரம்மா.

ஒலிபெருக்கி எனக்குப் பயன்படாது என்பதால் நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலையை லேசாக ஓரம் திருப்பினான். வயிறு ஒருமுறை எழும்பியது. பிறகு கண்ணைக் கையின் மேல் வைத்து, உதட்டை இறுக்கி, முழுப் பலத்தையும் கொடுத்து மடக்கப் பார்த்தான். சட்டையில்லாத விலா எலும்புகள் ஒன்றுகூட அசையவில்லை.

டாக்டரம்மா தலையை ஆட்டினார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். மறுபடி தலை ஓரம் திரும்பியது, மறுபடி வயிறு எழுந்து அடங்கியது. அந்த மூஞ்சியை நான் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்!

"அடப்பாவி! டேய், மூச்சை அடக்கிக்கிட்டிருக்கடா!" என்று கத்தினேன். ஊசியே ஆடியிருக்கும்.

"ஐயா, வெளியில போங்க முதல்ல..."

"இல்லம்மா, நீங்க கேளுங்க! இவன் பெயிண்டரு. கை வேலை செய்யும்போது மூச்சு விடவே மாட்டான். வயித்தால ஒரு வாய் குடிப்பான், நெஞ்சைக் கல்லு மாதிரி வச்சுக்குவான். முப்பது வருஷப் பழக்கம். நீங்க என்னடான்னா மூச்சு நரம்பை எடுத்துக் கையில தச்சிருக்கீங்க!"

டாக்டரம்மா அவன் விலாவில் உள்ளங்கையை வைத்தார். "கையை மறந்துருங்க. என் கையை மட்டும் தள்ளுங்க. நெஞ்சால."

அவனால் முடியவில்லை. முயற்சி செய்யச் செய்ய நெஞ்சு இன்னும் கெட்டியானது. நெற்றியில் வியர்த்துவிட்டது.

"இருமுங்க," என்றார்.

இருமினான். திரையில் ஒரு கோடு துள்ளியது. டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இன்னொரு தடவை. நல்லா." இருமினான். மறுபடி துள்ளியது. அவர் ஒலிபெருக்கியைக் கையோடு தூக்கி என் காதருகே பிடித்தார். தட், தட் என்று என் சின்னச் சுத்தியல் தகரத்தில் படுகிற மாதிரி கேட்டது.

"வந்துடுச்சு. கொஞ்சம் இழைங்களுக்குத்தான் வந்திருக்கு, ஆனா வந்துடுச்சு."

அதன் பிறகு சுவரில் மாட்டியிருந்த மூன்று படங்களைக் காட்டி விளக்கினார். தசையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி எடுத்த படங்கள். முதலாவதில் கறுப்பு இழையும் வெள்ளை இழையும் சதுரங்கப் பலகை போலக் கலந்து கிடந்தன. இரண்டாவதில் எல்லாம் ஒடுங்கி மூலை மூலையாக நசுங்கியிருந்தன. மூன்றாவதில் மறுபடி கொழுத்திருந்தன, ஆனால் கறுப்பெல்லாம் ஒரு பக்கம், வெள்ளையெல்லாம் ஒரு பக்கம்.

"வர்ற நரம்பு ஒண்ணு ரெண்டுதான். அது கிளை விட்டு அக்கம்பக்கத்துல அநாதையா நிக்கிற இழையையெல்லாம் சேர்த்துக்கும். தன் குணத்துக்கே மாத்திரும். கறுப்பா இருந்தது வெள்ளையாகும், வெள்ளையா இருந்தது கறுப்பாகும். பழைய மாதிரி கலந்து இருக்காது, கட்சி கட்சியா நிக்கும். பரவாயில்ல, கை தூக்கும். ஆனா தினமும் வேலை குடுக்கணும். மூச்சோட குடுக்கணும்."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவன் உட்கார்ந்தான். வழியெல்லாம் வேண்டுமென்றே இருமிக்கொண்டு வந்ததில் முன்சீட்டு அம்மாள் முக்காடு போட்டு மூக்கை மூடிக்கொண்டாள்.

"அன்னைக்கு அந்தக் கதவுல அலை இருந்துச்சு," என்றேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்," என்றான்.

அவ்வளவுதான் பேசினோம். அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். முதலில் என் மனைவி விரட்டினாள், பிறகு நானாகவே கிளம்பினேன். அவன் விலாவில் என் கையை வைத்து, "தள்ளுடா, மாடு மாதிரி இழுத்துத் தள்ளு" என்று திட்டுவேன். மூச்சை விடாமல் முப்பது வருஷம் சம்பாதித்தவனுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுப்பது நான் எடுத்த எந்த டொக்கை விடவும் கஷ்டமான வேலை. முதல் மாதம் தோலுக்கு அடியில் ஒரு புழு நெளிகிற மாதிரி தெரிந்தது. மூன்றாம் மாதம் மேஜை மேல் கையைக் கிடத்தி வைத்தால் முழங்கை மடங்கியது. ஐந்தாம் மாதம் தொங்கிய கையே மூச்சுக்கு மூச்சு மேலே வந்தது.

அப்புறம் கூத்துதான். கொட்டாவி விட்டால் கை எழும். தும்மினால் சல்யூட் அடிக்கும். சிரித்தால் குதிக்கும். அதனாலேயே நான் கிடைத்த மொக்கை ஜோக்கையெல்லாம் சேர்த்துக்கொண்டு போனேன். "கை மடங்கணுமேன்னுதான் உன் ஜோக்குக்குச் சிரிக்கிறேன்" என்பான். மகளிடம் வீடியோவில் காட்டினான். அவளும் சிரித்தாள். முன்பு சொன்னது பொய் என்று அவன் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

ஏழாம் மாதம் அவனே பட்டறைக்கு வந்தான். கழித்துப் போட்டு மூலையில் கிடந்த ஒரு பழைய கதவைக் கேட்டான். புதுப் பெயிண்டர் எழுந்து தன் கன்னைக் கொடுத்தான். நீச்சல்காரன் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தான். கை அங்கே நிற்க வேண்டுமானால் மூச்சு வேண்டும். மூச்சு விட்டதும் கை இறங்கியது, இழுத்ததும் ஏறியது. கதவு முழுக்க அலை அலையாகப் பெயிண்ட் விழுந்தது. பழக்கத்தில் மூச்சை அடக்கிப் பார்த்தான். கன் தொப்பென்று அவன் தொடையில் இறங்கியது.

மூளை பழகினால் இரண்டொரு வருஷத்தில் மூச்சு வேறு, கை வேறு என்று ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அவன் கன்னைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தம்பி கை சுத்தமா இருக்கு. நல்லா அடிக்கிறான்," என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. என் செருப்புச் சத்தம் இந்த முறை அவனுக்குக் கேட்கவில்லை போலும். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வலது கை மடங்கி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. போன வாரத்துக்கும் இன்றைக்கும் நல்ல முன்னேற்றம், தோள் வரைக்கும் வந்துவிட்டது. மனசு உடைந்து உட்கார்ந்துவிடுவானோ என்று வாரமெல்லாம் பயந்துகொண்டிருந்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசலிலேயே நின்று எண்ண ஆரம்பித்தேன்.

"ஏழு... எட்டு... அப்படித்தான்! ஒன்பது... சபாஷ்டா, விடாத! பத்து... பதினொண்ணு..."

பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டே முன்பக்கம் போனேன். அவன் முகம் முழுக்க நனைந்திருந்தது. வாய் திறந்திருந்தது. காது நன்றாக இருக்கும் எவனுக்கும் அந்த அழுகை மாடிப்படியிலேயே கேட்டிருக்கும்.

என்னைப் பார்த்ததும் இடது கையால் வலது கையைப் பிடித்து மடியில் அழுத்தினான். அது மறுபடி எழுந்தது.

"அடக்க முடியலடா," என்றான். "முன்னெல்லாம் மூச்சைப் புடிச்சுக்குவேன், நின்னுரும். ஒரு ஆளுக்கும் தெரியாது. இப்ப புடிக்கவே வரல."

அவன் மனைவி போன மூன்றாம் நாளே வேலைக்கு வந்தான். கல்நெஞ்சுக்காரன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பட்டறையே பேசியது. நானும் பேசினேன். எனக்கு இரண்டடி தள்ளி, முகமூடியைப் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி அடக்கி அன்று அவன் ஒரு வெள்ளைக் காருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

நான் தரையில் அவன் காலடியில் உட்கார்ந்தேன். கை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நான் எண்ணவில்லை.